67 வயசுல 'கண்டுபிடிக்கப்பட்ட' கோஜி யாகுஷோ! யாருய்யா கண்டுபிடிச்சது?

சப்டைட்டில்சாமி:
ஜப்பான் நடிகர் கோஜி யாகுஷோவைப் பத்தி நேத்து ஒரு யூடியூப் விமர்சகர் திருவாய் மலர்ந்திருக்கார்: "வாழ்நாள் முழுக்கத் துண்டு வேஷம் கட்டிக்கிட்டு இருந்த கோஜி யாகுஷோவை 67 வயசுல ஜெர்மன் டைரக்டர் விம் வெண்டர்ஸ்தான் கண்டுபிடிச்சு உலகத்துக்குக் காட்டினார்." கீழே ஒரே ஹார்ட்டு மழை. வெண்டர்ஸோட பெர்ஃபெக்ட் டேஸ்ல டோக்கியோ ஷிபுயாவுல கழிப்பறை கழுவுறவரா நடிச்சதுக்காக 2023ல கான் திரைப்பட விழாவுல சிறந்த நடிகர் விருது வாங்கினார், சரி. அதுக்கு முன்னாடி என்ன, நிஜமாவே ஷிபுயாவுல கழிப்பறை கழுவிக்கிட்டா இருந்தார்? 1983ல ஜப்பான் பொதுத் தொலைக்காட்சி என்.ஹெச்.கே.வோட ஞாயித்துக்கிழமை சரித்திரத் தொடர் தோகுகாவா இயெயாசுவுல 16ஆம் நூற்றாண்டுத் தளபதி ஓடா நொபுனாகாவா வந்தார். ஜப்பானே உக்காந்து பார்த்துச்சு. அப்போ அவருக்கு 27 வயசு. இதுக்கு மேல என்ன கண்டுபிடிக்கணும்?

பின்வரிசை:
சாமி, தொடரோட பேரை நீங்களே சொல்லிட்டீங்க. தோகுகாவா இயெயாசு. இயெயாசுவா நடிச்சவர் சகாயே தகிதா. அப்போ நொபுனாகா? துணை வேஷம். அந்த யூடியூப்காரர் சொன்னதும் ஏறக்குறைய அதானே?

சப்டைட்டில்சாமி:
நொபுனாகா துணை வேஷமா? நொபுனாகாவா? ஜப்பான் சரித்திரத்துல நாலு பேரு தெரிஞ்சவங்க இப்படிப் பேச மாட்டாங்க. பாதி நாட்டை வளைச்சுப் போட்டு, 1582ல க்யோத்தோ ஹொன்னோஜி கோவில்ல கூட இருந்த மிட்சுஹிதேவாலேயே கவுக்கப்பட்ட ஆளு. அந்த வேஷம் யாருக்குக் கிடைக்குதுன்னு அங்கே ஒவ்வொரு தடவையும் ஊரே பேசும். அப்போ யாகுஷோ நாடகப் பள்ளியில இருந்து வந்த புதுமுகம். அதுக்கும் முன்னாடி டோக்கியோ சியோதா வார்டு ஆபீஸ்ல குமாஸ்தா. நடிகர் தத்சுயா நகாதாய் கிட்டதான் நடிப்பு கத்துக்கிட்டார். கண்டுபிடிச்ச பெருமை யாருக்காவது தரணும்னா நகாதாய்க்குக் குடுங்க. ஜெர்மன்காரருக்கு எதுக்கு?

அரைடிக்கெட்:
சாமி சொல்றது சரிதான். நொபுனாகா சாகக் கூடாதுன்னு ஜனங்க என்.ஹெச்.கே.வுக்குக் கடுதாசி மேல கடுதாசி போட்டாங்களாம். அப்படி ஒரு கிரேஸ்!

தேநீர்நேரம்:
அரைடிக்கெட், அது 1965ல வந்த தைகோகி தொடர். அதுல நொபுனாகா கோஜி தகாஹாஷி. ரெண்டு பேருக்கும் கோஜின்னு பேர் இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆயிடுவாங்களா?

அரைடிக்கெட்:
யாருக்குக் கடுதாசி வந்தா என்ன மேடம், நொபுனாகாவுக்குத்தானே வந்துச்சு. பாயிண்ட் அதான்.

பின்வரிசை:
ஹா ஹா. 1965ல வந்த கடுதாசியை 1983 கணக்குல வரவு வைக்கிறாங்க. நல்லா இருக்கு.
சாமி, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. 1996ல ஷல் வி டான்ஸ் படம் வர்றதுக்கு முன்னாடி கதாநாயகன்னு சொல்ற மாதிரி என்ன பண்ணார்?

சப்டைட்டில்சாமி:
மியாமோட்டோ முசாஷி. 1984-85. என்.ஹெச்.கே. டைட்டில் வேஷம். தொடரோட பேரும் அவர்தான், வாளும் அவர் கையிலதான். இப்போ பேசுங்க.

பின்வரிசை:
பேசுறேன். அது புதன்கிழமை தொடர். அந்த வருஷம் ஞாயித்துக்கிழமை பெரிய தொடரா ஓடினது சங்கா மோயு. அந்த வரிசையில முசாஷி வராது.

சப்டைட்டில்சாமி:
அட, புதன்கிழமை நடிச்சா நடிப்பு இல்லையா? தொடருக்கும் ராகுகாலம் பாக்குறீங்களா?

தேநீர்நேரம்:
ரெண்டு பேரும் டி.வி.யை விட்டு இறங்கவே மாட்டீங்களா? 1985ல ஜூஸோ இதாமி எடுத்த தம்போபோ படம். முதல் காட்சியே யாகுஷோதான். வெள்ளை கோட்டு சூட்டுல ஒரு ரவுடி தியேட்டருக்குள்ள வந்து முன்வரிசையில உக்காருறான். படம் பாக்குற நம்மளையே நேராப் பார்த்துப் பேசுறான். பின்னாடி சிப்ஸ் கொறிக்கிறவனைப் போய் மிரட்டுறான். காதலியும் அவனும் உடையாத முட்டை மஞ்சக்கருவை வாய்க்கு வாய் மாத்திக்கிற காட்சியை ஒரு தடவை பார்த்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. கடைசியில சுடப்பட்டு மழையில கிடக்கும்போதும் காட்டுப்பன்றிக் குடலை எப்படிச் சுட்டுத் தின்னணும்னுதான் பேசிக்கிட்டே சாகிறான். எல்லாம் சேர்த்தா கொஞ்ச நேரம்தான் வர்றார். ஆனா படம் பார்த்துட்டு வெளியே வந்தா லாரி டிரைவர் கதையை விட அந்த வெள்ளை சூட்டுதான் கண்ணுல நிக்குது.

பின்வரிசை:
"கொஞ்ச நேரம்தான்." நீங்களே சொல்லிட்டீங்க. துண்டு வேஷம். நன்றி, வணக்கம்.

தேநீர்நேரம்:
இது குதர்க்கம்.

சப்டைட்டில்சாமி:
மேடம், இவர்கிட்ட வாயைக் குடுக்காதீங்க. ஜப்பான் நடிகர் மிஃபூனே பத்தின திரி ஞாபகம் இருக்கா? மிஃபூனே வெளிநாட்டுத் தயாரிப்புல நடிச்சதே இல்லைன்னு அடிச்சுச் சொன்னவர் இவர்தான். 1980 அமெரிக்கத் தொடர் ஷோகனை எடுத்துப் போட்டதும் ஆளைக் காணோம். இப்போ நொபுனாகாவுக்கு வந்துட்டார்.

பின்வரிசை:
அந்தத் திரியை மூடினதே உங்க கெட்ட வார்த்தையாலதான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

சப்டைட்டில்சாமி:
கெட்ட வார்த்தை இல்லை, பழமொழி.
விஷயத்துக்கு வர்றேன். 1996ல மசாயுகி சுவோவோட ஷல் வி டான்ஸ். ரயில்ல போறப்போ ஜன்னல்ல ஒரு பொண்ணைப் பார்த்து, வீட்டுக்குத் தெரியாம பால்ரூம் நடனம் கத்துக்கிற கணக்குப்பிள்ளை. ஜப்பான் அகாடமி திரைப்பட விருதுல சிறந்த நடிகர். ஹாலிவுட்காரன் 2004ல ரிச்சர்ட் கியரை வெச்சுத் திரும்ப எடுத்தான். 1997ல இமாமுராவோட தி ஈல். பொண்டாட்டியைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போய் வந்து, சலூன் வெச்சு, விலாங்கு மீன்கிட்ட மட்டும் மனசு விட்டுப் பேசுற ஆளு. அதுக்குப் பெரிய விருதான தங்கப் பனை. எங்கே? அதே கான்ல! வெண்டர்ஸ் படத்துக்கு 26 வருஷம் முன்னாடியே கான் இவரைப் பார்த்தாச்சு. அதே வருஷம் கியோஷி குரோசாவாவோட க்யூர். ஒரே வருஷத்துல இந்த ரெண்டும்!

பின்வரிசை:
தங்கப் பனை படத்துக்கு, அதாவது இமாமுராவுக்கு. அதுவும் ஈரான் டைரக்டர் கியாரோஸ்தமியோட டேஸ்ட் ஆஃப் செர்ரியோட பங்கு போட்டுக்கிட்டது. யாகுஷோ கையில குடுக்கலை. நடிகரா கான்ல வாங்கினது 2023லதான். நான் சொல்றது அவ்வளவுதான்.

அரைடிக்கெட்:
அப்போ கான்ல நடிகர் விருது வாங்கின முதல் ஜப்பானியர் இவர்தானா?

தேநீர்நேரம்:
இல்லை. 2004ல நோபடி நோஸ் படத்துக்காக யூயா யாகிரா. அந்தப் பையனுக்கு அப்போ 14 வயசு.

சப்டைட்டில்சாமி:
பின்வரிசை ஐயா, இன்னொண்ணு. பெர்ஃபெக்ட் டேஸ் டைட்டில்ல நிர்வாகத் தயாரிப்பாளர் பட்டியல்ல யாகுஷோ பேரும் இருக்கு. கண்டெடுத்த ஆளைக் கூப்பிட்டு வெண்டர்ஸ் அந்தப் பதவியும் குடுத்துட்டாரா? 2023 ஜூலையிலயே டி.பி.எஸ். டி.வி.யில விவான்ட் தொடர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அதுல நோகோன் பெக்கிங்கிற பாத்திரம் இவர்தான். கான் விருது கையில இருக்கிறப்பவே டி.வி. தொடர். டி.வி.யில தொடங்கி, டி.வி.யை விடாத ஆளு. ஆரம்பிச்சு வெச்சது 1983 நொபுனாகா.

பின்வரிசை:
மறுபடியும் நொபுனாகா. இயெயாசு தொடர்ல நொபுனாகா துணை வேஷம்.

சப்டைட்டில்சாமி:
துணை வேஷம் இல்லை.

பின்வரிசை:
துணை வேஷம்.

தேநீர்நேரம்:
யாராவது யுரேகா படத்தைப் பத்திப் பேசுவீங்கன்னு இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஷின்ஜி அவோயாமா, 2000. பஸ் கடத்தல்ல பிழைச்ச டிரைவரா வர்றார். அழுகையும் இல்லை, வசனமும் அதிகம் இல்லை. இருமல்லயே பாதி நடிப்பு. என் கணக்குல கான் நடிகர் விருதை அப்பவே குடுத்திருக்கணும்.

அரைடிக்கெட்:
அந்தக் கருப்பு வெள்ளைப் படமா?

சப்டைட்டில்சாமி:
கருப்பு வெள்ளை இல்லை, பழுப்புச் சாயல் செபியா. மேடம் ரசிச்ச படத்தை இப்படிக் கேவலப்படுத்தாதீங்க.

பின்வரிசை:
கடைசியில கலர்ல முடியும். சாமி அதுவரைக்கும் பார்க்கலை போல.

சப்டைட்டில்சாமி:
217 நிமிஷமும் பார்த்தவன்யா நான். நீங்க டிரெய்லர் பார்த்துட்டு வந்து எனக்கு வகுப்பெடுக்காதீங்க.

பின்வரிசை:
அப்போ செபியாங்கிறது பாதி உண்மைதானே? பதில் சொல்லுங்க.

சப்டைட்டில்சாமி:
ஒரு ஷாட் கலர்ல வந்தா அது கலர் படமா?

அரைடிக்கெட்:
லிங்க் இருந்தா யாராவது போடுங்களேன்.