1998 வைக்கிங்ஸ் தோல்வியை டர்பன்காரர் தலையில் கட்டுவது நியாயமா?

சாட்ஸ்வர்த் வைக்கிங்:

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிற நம்மூர்க்காரர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். கிக்கர், அதாவது பந்தை உதைப்பது மட்டுமே வேலையாக இருந்த கேரி ஆண்டர்சனை, அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவப் பட்டியலில் ஏன் சேர்க்காமலே வைத்திருக்கிறார்கள்? அந்த ஒரே ஒரு உதைதான் காரணமா?

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்டர்சன் இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரில் வளர்ந்தவர். பள்ளி முடிந்ததும் அமெரிக்கா போனார், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடினார், 1982-இல் அங்கத்துத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குள் வந்தார். 23 பருவங்கள், 353 ஆட்டங்கள், 2,434 புள்ளிகள். 2000-இல் ஜார்ஜ் பிளாண்டாவின் 2,002 புள்ளிகளை அவர் தாண்டியபோது, அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் நம் டர்பனில் பந்து உதைத்துப் பழகிய ஒருவர்தான். இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1998-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு ஆடினார். ஃபீல்டு கோல் என்றால் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது; 35 முயன்றார், 35-உம் உள்ளே. டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி உதைகள் 59, அவையும் மொத்தம் உள்ளே. ஆக 164 புள்ளி. அதுவரை எந்தக் கிக்கரும் ஒரே பருவத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. அணி 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

அப்புறம் 1999 ஜனவரி 17. எதிரே அட்லாண்டா ஃபால்கன்ஸ், வென்றால் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். வைக்கிங்ஸ் 27-20 என்று முன்னிலை, இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி, 38 யார்டு உதை. உள்ளே போயிருந்தால் பத்துப் புள்ளி வித்தியாசம். பந்து இடப்பக்கம் விலகிப் போய்விட்டது. ஃபால்கன்ஸ் சமன் செய்து ஓவர்டைமில் 30-27 என்று வென்றது. வென்று கொடுத்த உதையும் அதே 38 யார்டுதான். உதைத்தவர் டென்மார்க்காரரான மார்ட்டன் ஆண்டர்சென்.

போன வாரம் அரீனா பார்க்கில் ஒரு கல்யாண வீட்டில், நான் வைக்கிங்ஸ் ரசிகன் என்று தெரிந்ததும் உறவுக்காரர் ஒருவர், "ஓ, உங்க டர்பன்காரர் கவிழ்த்துவிட்ட டீமா?" என்றார். பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அந்த ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் வைக்கிங்ஸ் 20-7 என்று முன்னால் இருந்தபோது, சொந்த எல்லைக்குப் பக்கத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரேண்டல் கன்னிங்காம் பந்தைப் பறிகொடுத்தார். அடுத்தே ஃபால்கன்ஸ் டச்டவுன். ஆண்டர்சன் தவறவிட்ட பிறகும் வைக்கிங்ஸ் ஏழு புள்ளி முன்னால்தான் இருந்தது. ஃபால்கன்ஸ் சமன் செய்த அந்தத் தாக்குதலில், எதிரணி எறிந்து தன் கைக்கே வந்த பந்தை வைக்கிங்ஸின் ராபர்ட் கிரிஃபித் நழுவவிட்டார். பிடித்திருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

எனக்கு ஆறாத கோபம் பயிற்சியாளர் டென்னிஸ் கிரீன் மேல்தான். சமன் ஆன பிறகும் அரை நிமிடம் இருந்தது. எறிகிற பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்களான ரேண்டி மாஸும் கிறிஸ் கார்ட்டரும் இரு பக்கமும் நிற்கிறார்கள், அந்தப் பருவத்தில் 556 புள்ளி குவித்து சாதனை படைத்த அணி. கிரீனோ கன்னிங்காமை மண்டியிடச் சொல்லி, அதாவது புள்ளிக்கு முயலாமல் நேரத்தைக் கழித்து, ஓவர்டைமுக்குப் போனார். ஓவர்டைமில் முதலில் பந்து கிடைத்ததும் வைக்கிங்ஸுக்குத்தான். ஒரு உதைக்கு எட்டும் தூரம் வரைகூடக் கொண்டுபோக முடியவில்லை. இத்தனையும் விட்டுவிட்டு ஒருவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஷார்க்ஸ் குடும்பம், ஃபீனிக்ஸ்:

அண்ணா, நான் ரக்பி ஆள். சூப்பர் பவுல் மட்டும் விடியற்காலையில் எழுந்து பார்ப்பேன். நீங்கள் சொன்ன பிறகு அந்த உதையைத் தேடிப் பார்த்தேன். 38 யார்டு என்றால் 35 மீட்டருக்கும் குறைவு. கூரை போட்ட மைதானம், காற்றே கிடையாது. 2023 ரக்பி உலகக் கோப்பை அரையிறுதியில் நம் ஹான்ட்ரே பொலார்ட் மழைநாளில், ஈரப் பந்தில், கிட்டத்தட்ட 50 மீட்டரிலிருந்து கடைசி நிமிடங்களில் உதைத்து இங்கிலாந்தை 16-15 என்று வீழ்த்தினார். உதைப்பது மட்டுமே வேலையாக இருக்கிற ஒருவர் 35 மீட்டரில் தவறவிடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது? மற்றவர்களும் தவறு செய்தார்கள் என்பது சரி. ஆனால் அந்த ஒரு தருணத்துக்காகத்தானே அவருக்குச் சம்பளம்?

சாட்ஸ்வர்த் வைக்கிங்:

தம்பி, பொலார்டின் அந்த உதைக்கு நானும் தெருவே அதிரக் கத்தினேன். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே. கம்பங்களின் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான்: ரக்பியில் 5.6 மீட்டர், அங்கே பதினெட்டரை அடி. மற்றதெல்லாம் வேறு. ரக்பியில் பெனால்டி உதைக்க 60 விநாடி கொடுக்கிறார்கள். பந்தை டீ என்கிற சிறு தாங்கியில் தன் கையாலேயே வைத்து, மூச்சை இழுத்துவிட்டு, தன் கணக்கில் நடந்து வரலாம். எதிரணி பத்து மீட்டர் தள்ளிக் கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும்.

அங்கே ஒருவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிகிறார். ஏழெட்டு யார்டு பின்னால் ஒருவர் மண்டியிட்டுப் பிடிக்கிறார். வைக்கிங்ஸுக்கு அந்த வேலையைச் செய்தவர் மிட்ச் பெர்கர். தையல் பக்கம் காலில் படாதபடி அவர் பந்தைத் திருப்பி நிறுத்துவதற்குள் கிக்கர் ஓடத் தொடங்கிவிட வேண்டும். எறிந்ததிலிருந்து உதை வரை ஒன்றேகால், ஒன்றரை விநாடி. அதற்குள் எதிரணியினர் கையை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். மூன்று பேர் வேலையில் ஒருவர் கொஞ்சம் பிசகினாலும் பழி கிக்கருக்கு.

தருணம் பற்றிச் சொன்னாய். அதே 2023 இறுதி ஆட்டத்தில் நாம் 12-11 என்று வென்றோம். முன்னிலையைப் பிடிக்கும் பெனால்டியை நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட் தவறவிட்டார். அதனால் பாரெட் மோசமான ஆட்டக்காரர் ஆகிவிட்டாரா? நியூசிலாந்து தோற்றதற்கு சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது, மொவுங்கா கூடுதல் உதையைத் தவறவிட்டது என்று எத்தனையோ காரணம் உண்டு. அந்த நியாயத்தை நம் ஊர்க்காரருக்கும் கொடு என்றுதான் கேட்கிறேன்.

மியர்பேங்க் அக்கா:

தம்பி, ஆட்டத்தைப் பற்றி நீ சொல்வதை மறுக்கிற அளவுக்கு எனக்குத் தெரியாது. "நம் டர்பன்காரர்" என்கிறாயே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர் சிறுவனாக இருந்த அறுபது, எழுபதுகளின் டர்பன் நம்முடையதாக இருந்ததா? நிறவெறிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களான நம்மவர்களை வெளியேற்றி உன் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய காலம் அது. அவர் பந்து உதைத்துப் பழகிய வெள்ளையர் பள்ளி மைதானங்களில் என் தம்பிகள் கால் வைக்க முடியாது. அப்பா ஞாயிறுதோறும் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடினார். அங்கே புல் இருந்ததைவிட மண்தான் அதிகம் என்பார். அவரோடு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு நல்ல மைதானமும் பயிற்சியும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார்களோ.

நம்மவர்கள் என்று பெருமைப்பட வேண்டுமானால் உன் ஊரிலேயே மேனிங் ரேஞ்சர்ஸ் இருந்ததே! பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய 1996-97 பருவத்திலேயே பட்டம் வென்றவர்கள். அவர்களைப் பற்றி யாராவது இப்படி உருகி எழுதினால் முதல் ஆளாக வந்து படிப்பேன்.

சாட்ஸ்வர்த் வைக்கிங்:

அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். எங்கள் தாத்தா வீடும் கேட்டோ மேனரில்தான் இருந்தது. ஆற்றங்கரைக் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டுவார். மேனிங் ரேஞ்சர்ஸ் பட்டம் வென்ற நாளில் யூனிட் 3 முழுக்கக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றியது இன்னும் காதில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இது வாக்கு.

ஆனாலும் ஆண்டர்சனை விட மனம் வரவில்லை. அந்தச் சட்டங்களை எழுதியவர் அவர் இல்லை. அந்தச் சட்டங்களால் அவருக்கு நல்ல மைதானம் கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே அவர் ஆட்டத்தைப் பார்க்கிறேன். இந்தக் கடற்காற்றில் பந்து எப்படி வளையும் என்று தெரிந்த ஒருவர் அங்கே போய் நின்றார் என்பது எனக்குப் பெரிய விஷயம். டர்பனை அந்தக் காலத்துச் சட்டத்துக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை, அக்கா.

ஸ்டீலர் டோங்காட்:

வைக்கிங்ஸ்காரர்கள் ஆண்டர்சன் உங்கள் சொத்து மாதிரிப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். அவர் 1982 முதல் 1994 வரை எங்கள் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஆள். 13 பருவம். அதுவும் த்ரீ ரிவர்ஸ் மைதானம், நதிப்பக்கக் காற்று, டிசம்பர் குளிர். அங்கே கிக்கராக இருப்பது எளிதல்ல.

நெருக்கடியில் நடுங்குவார் என்று சொல்கிறவர்கள் இரண்டு ஆட்டம் பார்க்கட்டும். 1989 டிசம்பர் 31, ஹூஸ்டனில் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று. ஓவர்டைமில் 50 யார்டு உதை, ஸ்டீலர்ஸ் 26-23. எங்கள் பெரிய பயிற்சியாளர் சக் நோல் கடைசியாக வென்ற பிளேஆஃப் ஆட்டம் அது. இன்னொன்று 2004 ஜனவரி, டென்னசி டைட்டன்ஸுக்காக பால்டிமோரில். வயது 44. தலைக்கவசத்தில் அந்தப் பழைய ஒற்றைக் கம்பி. அரை நிமிடம்கூட பாக்கி இல்லாத நேரத்தில் 46 யார்டு உதைத்து 20-17 என்று ஜெயிக்க வைத்தார். இந்த வயதில் நான் குடும்ப பிக்னிக்கில் பந்து உதைத்தாலே வீட்டில் பயப்படுகிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஹால் ஆஃப் ஃபேம் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. 23 பருவம் ஆடியும் ஒரு சூப்பர் பவுலில்கூட அவர் இறங்கவில்லை. மொத்தப் புள்ளி அதிகம் என்பது நீண்ட காலம் ஆடியதால் வந்தது என்று வாக்களிப்பவர்கள் நினைக்கலாம். கிக்கருக்கு ஓர் இடம் கொடுத்தால், முன்வரிசையில் நின்று மோதும் ஒரு லைன்மேனுக்கு இடம் போகிறது. களத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபது எழுபது முறை மோதுகிறவனைவிட இவர் முக்கியமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

ஜோபர்க் மாணவன்:

அண்ணா, உங்கள் அணிக்கு இன்னொரு தென்னாப்பிரிக்கக் கிக்கரும் இருந்தாரே, அவரை யாரும் சொல்லவில்லையே? கிரெக் ஜோசப், ஜோபர்க்கில் பிறந்தவர். நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்ததே 2022 டிசம்பரில்தான்.

சாட்ஸ்வர்த் வைக்கிங்:

அட, நல்ல நேரத்தில் ஆரம்பித்திருக்கிறாய்! அந்த டிசம்பர் 17, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டம். சனிக்கிழமை, நம் நேரம் இரவு 8 மணி. இடைவேளையில் 33-0 என்று பின்தங்கியிருந்தோம். வீட்டில் எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். மின்வெட்டு வந்ததும் மீதியை போனில் பார்த்தேன். 39-36 என்று ஓவர்டைமில் முடித்தது ஜோசப்பின் 40 யார்டு உதை, மூன்று விநாடி மட்டும் பாக்கி. என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது. அடுத்த வாரமே ஜயன்ட்ஸுக்கு எதிராக 61 யார்டு, கடைசி விநாடியில், 27-24. அதே பருவத்தில் கூடுதல் புள்ளி உதைகளில் அவர் பல முறை தடுமாறினார். கிக்கர்களின் வாழ்க்கை அப்படித்தான்.

இப்போது டோங்காட் அண்ணனுக்கு வருகிறேன். ஸ்டீலர்ஸ் உரிமையை விட்டுத்தருகிறேன், அது நியாயம். மற்றதற்கு எண்களை வைத்தே பதில் சொல்கிறேன். 1998 பருவத்தின் அந்த ஆட்டத்தில் எதிரே நின்ற அதே மார்ட்டன் ஆண்டர்சென் 2017-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். அவர் 709 முயற்சியில் 565 ஃபீல்டு கோல், 79.7 விழுக்காடு. நம்மவர் 672-இல் 538, 80.1 விழுக்காடு. டென்மார்க்காரர் 382 ஆட்டம் ஆடினார், நம்மவர் 353. நீண்ட காலம் ஆடியது குறை என்றால் அவருக்கும் அதே குறைதானே? 1991-இல் உள்ளே போன நார்வேக்காரர் ஜான் ஸ்டெனரூட் 67 விழுக்காடுகூட எட்டவில்லை. அது வேறு காலம், மைதானங்களும் மோசம், அதனால் அவரைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இருவருக்கும் திறந்த கதவு இவருக்கு மட்டும் மூடியிருப்பதற்கு ஆட்டக் கணக்கில் காரணம் கிடைக்கவில்லை.

சூப்பர் பவுலில் ஆடவில்லை என்கிறீர்கள். கிக்கர் தனியாக அணியை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியுமா? 2001 ஜனவரியில் ஜயன்ட்ஸிடம் வைக்கிங்ஸ் 41-0 என்று விழுந்தபோது அவர் என்ன செய்திருக்க முடியும்? லைன்மேன் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் மூன்று, நான்கு புள்ளியில் முடிகிற ஆட்டம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கடைசியாக ஆடி 25 ஆண்டு ஆகிவிட்டால், விதிப்படி அவர் மூத்தோர் பட்டியலுக்குப் போய்விடுவார். அங்கே பல தலைமுறை ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எடுப்பதோ ஓரிருவரை. அதற்கு முன்னால் அவர் பெயர் மேசைக்கு வர வேண்டும். பிட்ஸ்பர்க்கில் உங்களுக்குத் தெரிந்த ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் இருந்தால் அந்த ஹூஸ்டன் உதையை அங்கே நினைவுபடுத்தச் சொல்லுங்கள், அண்ணா. வைக்கிங்ஸ்காரர்கள் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.