ஓஷினென்சே: அந்தப் படிகளை அம்மா ஏறலாமா?

வணக்கம். சுவிஸ், காண்டர்ஸ்டெக்குக்கு மேலே 1578 மீட்டரில் இருக்கிற ஓஷினென்சே ஏரியின் மேல்பாதையைப் பற்றிக் கேட்கிறேன். போன ஞாயிறு அம்மாவோடு போய், சுற்றை முடிக்க முடியாமல் திரும்பி வந்தோம்.

அம்மாவுக்கு 63 வயது. இடது முழங்கால், செங்குத்தான இறக்கத்தில் மட்டும் நோகும். கேபிள் காரில் ஏறி, ஹொய்பெர்க் வழியாக ஓபர்பேர்க்லி என்ற மலை மேய்ச்சலிடம் வரை நல்லா நடந்தா. ஹொய்பெர்க்கில் ஏரி நேர்கீழே பச்சை நீலமாய்த் தெரிந்ததும், கல்லில் இருந்து கனநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தா.

ஓபர்பேர்க்லியிலிருந்து அதற்குக் கீழே இருக்கிற உண்டர்பேர்க்லிக்கு இறங்குற இடத்தில்தான் மாட்டுப்பட்டோம். உயரமான கற்படிகள், முந்தின நாள் மழையில் நல்ல வழுக்கல். பத்துப் படி இறங்க முதலே கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு ஊன்றுகோல், முழங்கால் பட்டி, கணுக்கால் மூடின சப்பாத்து எல்லாம் இருந்தது. பின்பக்கமாகத் திரும்பி இறங்கியும் பார்த்தா, சரிவரவில்லை. வந்த வழியே திரும்பினோம். அந்த இறக்கம் மெதுவாகப் போனாலும் நோகவில்லை.

தென்கரைப் பக்கம் ஸ்பிட்சே ஸ்டைன் என்ற மலைமுகட்டிலிருந்து பாறை சரியும் அபாயம், அதால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. அம்மா செப்டெம்பர் நடுவில் யாழ்ப்பாணம் திரும்புறா. அதற்குள் ஒரேயொரு சனிக்கிழமைதான் இருக்கு.

இதே சுற்றை மறுபக்கமாக, ஏரிக்கரையிலிருந்து உண்டர்பேர்க்லி வழியாக மேலே ஏறினவர்கள் சொல்லுங்கோ: காய்ந்த நாளில் அந்தப் படிகளை இப்படியான முழங்காலோடு ஏற முடியுமா?