பஸ்ஸர்பீட்டரில் (கூடைப்பந்து அணியை நடத்தும் இணைய கேம்) ஷாட் பிளாக்கிங், அதாவது எதிரணி போடும் ஷாட்டைத் தடுக்கிற பயிற்சி கொடுக்கலாமா? கொடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

கோயமுத்தூரிலிருந்து:
கொடுக்கலாம்னுதான் சொல்வேன், ஆனால் வரிசை முக்கியம். என் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆட்டக்காரன்) ஏழடி உயரம், 19 வயதில் எடுத்தது. இன்சைடு டிஃபென்ஸும் (கூடைக்குக் கீழே தடுப்பது) ரீபவுண்டிங்கும் (தவறிய பந்தைப் பிடிப்பது) நன்றாக ஏறிய பிறகுதான் பிளாக்கிங்குக்கு வந்தேன். உயரமான பையன், வயதும் குறைவு என்பதால் வேகமாகவே ஏறியது. லுக் இன்சைடு (பந்தை உள்ளே கொண்டுபோய்ப் போடும் உத்தி) ஆடும் அணிகள் கூடைக்குக் கீழே போடும் ஷாட்டுகள் அதன்பிறகு நிறையத் தவறின.

பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) பிளாக் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மனசு விட்டுப்போகும். நிஜ ஆட்டத்திலேயே அது சின்ன எண்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் மார்க் ஈட்டன் 1984-85 சீசனில் 456 பிளாக் செய்தார், ஆட்டத்துக்கு 5.56. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. ஒரு அணி எண்பது, தொண்ணூறு ஷாட் போடும் ஆட்டத்தில் சாதனையே அவ்வளவுதான் என்றால், நம்ம பையனிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது?

எனக்குப் பெரிய லாபம் சம்பளத்தில். இன்சைடு ஷாட்டும் ரீபவுண்டிங்கும் ஏற்றுகிற அளவுக்குப் பிளாக்கிங் சென்டரின் சம்பளத்தை ஏற்றுவதில்லை. பட்ஜெட் இறுக்கமான அணிக்கு இது பெரிய விஷயம்.

ஈரோட்டிலிருந்து:
அண்ணா, நீங்க சொல்றது சரிதானுங்க, ஆனால் எதிரணி யாருன்னும் பார்க்கணும். எங்க லீக்கில் பாதிப்பேர் ரன் அண்ட் கன் (வேகமாக ஓடி வெளியிலிருந்து போடும் உத்தி). மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தே போட்டுத் தள்ளுகிறவங்களிடம் என் சென்டருக்கு வேலையே வரவில்லை. அதோடு வாரத்துக்கு அணி முழுமைக்கும் ஒரே பயிற்சிதான். சென்டருக்குப் பிளாக்கிங் கொடுக்கிற வாரம் என் இளம் கார்டுகளுக்கு (வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரங்க) எதுவும் கிடைக்காது. முழுப் பலன் வேண்டுமென்றால் அவன் அந்த இடத்தில் 48 நிமிடம் ஆடவும் வேண்டும். அதனால் கார்டுகளை வளர்க்கிற அணிக்கு இது ஒத்து வராதுங்க.

திருப்பூரிலிருந்து:
பிஎஸ்ஜி கோப்பை கூடைப்பந்துப் போட்டி பார்க்கக் கோவை வரும்போது நான் கவனிப்பது ஒன்று. நல்ல சென்டர் உள்ளே நின்றால், வெட்டி உள்ளே வருகிற கார்டு பாதியிலேயே பந்தை வெளியே தள்ளிவிடுகிறான். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இந்த கேமிலும் அந்த பயம் வேலை செய்கிறதா அண்ணா?

கோயமுத்தூரிலிருந்து:
தம்பி, அதை நேரடியாகக் காட்டுகிற எண் எதுவும் ஆட்டத்தில் இல்லை. ஒரே எதிரணியோடு இரண்டு முறை ஆடும்போது, அவர்களுடைய சென்டரும் பவர் ஃபார்வர்டும் (சென்டரோடு உள்ளே ஆடும் இன்னொருத்தன்) எத்தனை போட்டு எத்தனை உள்ளே விழுந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்க. ஈரோட்டுத் தம்பி சொன்னதும் நியாயம்தான்: கார்டு வளர்க்கிற சீசனில் இதைத் தொடவே வேண்டாம். சென்டர், பவர் ஃபார்வர்டு இரண்டு பேரும் இளசாக இருக்கும் சீசனில், இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் வாரம் வீணாகாது. ஒருத்தனுக்கு மட்டும் கொடுப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.