ஐப்பசியில் ஒரே நாளில் மாமல்லபுரம் போய்த் திரும்பலாமா?

அம்பத்தூர்வாசி:
வணக்கம். அடுத்த ஞாயிறு காரில் கடலோரம் எங்காவது போய் அன்றைக்கே திரும்ப நினைக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், 71 வயது அம்மா. அப்பா போன ஐப்பசியில் தவறினார், அதிலிருந்து அம்மா வாசலைத் தாண்டுவதே அபூர்வம், போன வாரம் அவராகவே "கடலைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார், அந்தப் பேச்சை ஆறவிட எனக்கு மனமில்லை. மனைவி புதுச்சேரி என்கிறார், நான் மாமல்லபுரம் என்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. மழைக்காலம் வேறு. எது சரிவரும்?

பெருங்களத்தூரான்:
மாமல்லபுரமே போங்கள் சார். புதுச்சேரி உங்கள் வீட்டிலிருந்து போக மட்டும் 150 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் டிபன், அம்மா காலை நீட்ட இரண்டு நிறுத்தம், திரும்பும்போது ஆறு மணிக்கே இருட்டு, மழையும் சேர்ந்தால் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கண்ணாடியில் சிதறி கோடு எது பள்ளம் எது என்றே தெரியாது. இரண்டு வருஷம் முன்பு மரக்காணம் பக்கம் அப்படி மாட்டி, நாற்பதில் ஊர்ந்து வீடு சேர இரவு பதினொன்று ஆனது. பின் சீட்டில் மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது, பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடையாறு, திருவான்மியூர் என்று ஊருக்குள் புகாதீர்கள். பைபாஸ் பிடித்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் ஈசிஆரைத் தொடுங்கள். கேளம்பாக்கம் தாண்டினால் உப்பங்கழிக்கு நடுவே ரோடு போகும், அங்கே கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

கல்வெட்டுப்பிரியை:
படியே ஏறாமல் அம்மா பார்க்கக்கூடியது அர்ச்சுனன் தபசு. ரோட்டோரமே இருக்கிறது, நாற்காலி போட்டுக்கூடப் பார்க்கலாம். நடுவில் பாறை பிளந்திருக்கிறதே, அதில் நாகர்கள் கைகூப்பி மேலே வருகிறார்கள், உச்சியில் தொட்டி கட்டி அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் விட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஒரு கார்த்திகை மழையில் குடையோடு நின்று பார்த்தேன், கல் நனைந்து கறுத்து, யானையின் வயிற்றோரம் நீர்க்கோடு இறங்கிக்கொண்டிருந்தது, வெயில் நாளில் அது கிடைக்காது. அதனால் தூறலுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மகளிடம் இரண்டைத் தேடச் சொல்லுங்கள்: முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான்.

கடற்கரைக் கோயிலைக் காலையிலேயே முடியுங்கள், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள். டிக்கெட் கவுன்டரிலிருந்து நடை உண்டு, அம்மாவுக்கு முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஐந்து ரதம் சமதளம்தான், ஆனால் மணல். வழியில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகைப் பக்கம் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த செங்கல் முருகன் கோயில் இருக்கிறது, பல்லவர்களுக்கும் முந்தையது. ஆட்கள் அதிகம் வராத இடம்.

கரைவலை:
நான் கோவளம் பக்கம் மீனவக் குடும்பம். ஐப்பசி, கார்த்திகையில் மாமல்லபுரத்தில் கடலில் கால்கூட வைக்க வேண்டாம் அண்ணா. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும், அலை திரும்பும்போது காலடி மணலையே உருவிக்கொண்டு போகும். வருஷா வருஷம் வெளியூர்ப் பிள்ளைகளைத் தேடி எங்கள் ஆட்கள்தான் படகு இறக்குகிறார்கள், போன வருஷம் நானும் போனேன், அந்தத் தாயின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பாப்பா கையை விடாதீர்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தையே அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரை மணலில் இறக்காதீர்கள். மழையில் நனைந்த மணல் கெட்டியாகத் தெரியும், சக்கரம் சுழன்றால் அச்சு வரை புதையும். மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் டயரில் காற்றைக் குறைத்து, முன்னால் தென்னை மட்டை போட்டு நிதானமாக எடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று தகரத்தைத் தின்னும்.

அம்பத்தூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், புதுச்சேரி தை மாதத்துக்குத் தள்ளியாயிற்று. ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், நாலு மணிக்குள் அங்கிருந்து புறப்பட்டுவிடுவோம். கரைவலை தம்பி, கடலுக்குள் இறங்காமல் அம்மா உட்கார்ந்து பார்க்க நிழலான இடம் எது?

கரைவலை:
கோவளத்திலேயே நிறுத்துங்கள் அண்ணா. ஏழு மணிக்குப் படகுகள் கரையேறும் நேரம், தர்காவைத் தாண்டி வலை உலர்த்துகிற பக்கம் வந்து கேட்டால் எங்கள் பெண்கள் அம்மாவுக்கு உட்கார இடம் கொடுப்பார்கள்.