ஒரே நிறத் தோட்டாக் கூடு, ஒரே அளவு வெடிமருந்து: மடிப்பு மட்டும் ஏன் உள்ளே குழிகிறது?

புதுக்கை:
பறக்கவிடும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டைத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. காலித் தோட்டாக்களை நானே மறுபடி நிரப்பத் தொடங்கி ஒரு மாதம்தான். சுடுதளத்தில் மற்றவர்கள் சுட்டு விட்டுப்போன தோட்டாக் கூடுகளை ஒரு வாளி நிறையப் பொறுக்கி வந்தேன். எல்லாம் 12 கேஜ் (குழல் அளவு), 70 மி.மீ. நீளம், சிவப்பு நிறம். வின்செஸ்டர் நிறுவனத்தின் ஏஏ கூட்டுக்கென்று வெடிமருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட ஓர் அளவுப் பட்டியலைத்தான் அத்தனைக்கும் பின்பற்றினேன். பாதிக் கூடுகளில் வாய்மடிப்பு (உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகள், அதாவது ரவை, கொட்டாமல் கூட்டை மூடும் மடிப்பு) கடையில் வாங்கியது போல அமைகிறது. மீதியில் நடுப்பகுதி கிண்ணம் போல உள்ளே குழிந்து, ரவை எட்டிப் பார்க்கிறது. இன்னொன்று: சிலவற்றில் புதிய பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போய்விடுகிறது. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் மடிப்பின் ஆழத்தை அமைக்கும் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும்?

பழைய பிரஸ்:
திருகில் கை வைக்காதீர்கள், தம்பி. பிரஸ் சொன்னபடிதான் செய்கிறது, வாளிதான் கோளாறு. இறக்கி அமுக்கினால் மடிப்பு இன்னும் ஆழமாகும். ஆழமான மடிப்பு அழுத்தத்தை ஏற்றும்.

ஒரு வேலை செய்யுங்கள். நன்றாக வந்த வகையில் ஒன்று, குழிந்த வகையில் ஒன்று எடுங்கள். நிரப்பாத, சுட்ட காலிக் கூடாக இருக்கட்டும். இரும்பறுக்கும் ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஏஏ கூட்டின் உட்சுவர் அடியை நோக்கித் தடித்துக்கொண்டே போகும், உள்வெளி குறுகும். ரெமிங்டன் எஸ்டிஎஸ் கூடும் அந்தச் சாதிதான். ஃபெடரல் கோல்ட் மெடல், செடைட், ஃபியோக்கி போன்றவை நேர்சுவர். குழாய் ஒன்று, அடியில் தனியாக அடிக்கட்டை ஒன்று. உள்ளே இடம் அதிகம். அதனால்தான் அதே மருந்து, அதே வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் அடைப்பு), அதே ரவை போட்டும் மேலே நிரம்பாமல் மடிப்பு குழிகிறது.

வெளியே தெரியும் பித்தளை உயரத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு இடம் என்று கணிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

வாட் விஷயமும் இதே. குறுகும் கூட்டுக்கான வாட்டை நேர்சுவரில் போட்டால் அதன் கீழ்விளிம்பு சுவரைத் தொடாது. மருந்து கசிந்து ரவையோடு கலந்துவிடும். குழிந்த தோட்டா ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், தெரியும். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம்: அகலமான விளிம்பு இடுங்கிய இடத்தில் மடங்கும், அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சாதாரண 12 கேஜ் தோட்டாவுக்கு சாமி (SAAMI, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு) விதித்த அழுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பட்டியலில் கூடு, பிரைமர், மருந்து, வாட், ரவை எடை ஐந்தும் சேர்ந்துதான் அந்த வரம்புக்குள் அளக்கப்பட்டிருக்கின்றன. கூடு மாறினால் பட்டியலே வேறு.

குழிந்தவற்றைச் சுட வேண்டாம். பிரித்து ரவையை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள்.

ஈயக்கை:
பிரைமர் தளர்வுக்கும் காரணம் அந்தக் கலவைதான். செடைட் பிரைமர் மற்ற 209 (ஷாட்கன் பிரைமரின் அளவுக் குறியீடு) பிரைமர்களைவிட இம்மியளவு பருமன். அது ஒருமுறை இருந்த குழியில் வின்செஸ்டர் பிரைமர் நிற்காது. அப்படிப்பட்ட கூட்டுக்கு, பட்டியலும் இடம் கொடுத்தால், செடைட் பிரைமரையே போடலாம். இல்லையென்றால் குப்பை.

கூடுபொறுக்கி:
பழைய பிரஸ் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். ஏஏ என்றாலே ஒரே வார்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பழையது ஒரே துண்டு. பிறகு வந்த ஏஏ எச்எஸ் கூட்டில் அடிக்கட்டை தனி. அது ஆடுகிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். வாய் கிழிந்ததும், மடிப்புக் கோட்டில் ஊசித்துளை விழுந்ததும் வேண்டாம். மடிப்புக் கோடுகளையும் எண்ணுங்கள்: ஆறா, எட்டா? தொடக்க மடிப்பைப் போடும் பிரஸ் முனை அதற்குப் பொருந்த வேண்டும்.

பழைய பிரஸ்:
திருத்தம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அடிக்கட்டை என்றதும் நினைவு வருகிறது. ஒருமுறை வெடிச்சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. அடுத்த தட்டைக் கேட்க வாயெடுத்தவன், என்னவோ தோன்றி, துப்பாக்கியை மடித்துக் குழலுக்குள் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. கூட்டின் அடிக்கட்டை கழன்று குழலில் சிக்கியிருந்தது. அடுத்த தோட்டாவைப் போட்டிருந்தால் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

புதுக்கை:
குழிந்ததில் மூன்றைப் பிரித்தேன். இரண்டில் ரவைக்கு நடுவே மருந்துத் துகள். கொஞ்சம் வியர்த்துவிட்டது. வாளியில் இருந்ததைக் கூட்டின் அடியில் பொறித்த முத்திரை பார்த்து நான்கு டப்பாக்களாகப் பிரித்துவிட்டேன். எந்த வகை என்றே தெரியாதவை ஐந்தாவது டப்பாவில் முப்பது சொச்சம் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தப் பட்டியல்?

பழைய பிரஸ்:
ஐந்தாவது டப்பாவுக்குப் பட்டியல் கிடையாது. குப்பைத்தொட்டி எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள்.