‘நான்-ஃபார்ம்’ வேலைக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

காற்புள்ளி:
நண்பர்களே, வளர்ச்சிப் பொருளியல் பாடநூலில் ஓர் இயல் என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊரில் இருந்துகொண்டே வயல் வேலை அல்லாத பிழைப்பு பார்ப்பவர்களைப் பற்றியது: தையல், தச்சு, கொத்து வேலை, கடை, டிராக்டர் பழுதுபார்ப்பது. ‘ரூரல் நான்-ஃபார்ம்’ பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. இப்போதைக்குப் ‘பண்ணைசாரா’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வருகிறது.

ஏட்டுச்சுரைக்காய்:
‘சாரா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பிழையில்லை, சோம்பல். எதை எடுத்தாலும் பின்னால் ‘சாரா’ ஒட்டுவதா? ‘அஃறிணை’ தந்த ‘அல்’ இருக்கிறதே. அல் + உழவு = அல்லுழவு. நாவில் உருள்கிறது பாருங்கள்.

வழிப்போக்கன்:
அல் என்றால் இரவும்தானே ஐயா, ‘அல்லும் பகலும்’? இரவில் ஏர் ஓட்டுவது என்று விடைத்தாளில் எழுதிவைப்பார்கள். பண்ணையோடு புணர்த்தினால் இன்னும் மோசம்: அற்பண்ணை.

ஏட்டுச்சுரைக்காய்:
கேலி வேண்டாம். அடுத்து ‘வேளாண்மை’ என்று வருவீர்கள், தெரியும். அதன் பழைய பொருள் உபகாரம். விருந்தோம்பல் அதிகாரத்தில் வரும் வேளாண்மையில் வயல் எங்கே இருக்கிறது? ‘வேளாண்மை சாரா வேலை’ என்றால் யாருக்கும் உதவாத வேலை. வள்ளுவரே பிற தொழிலாரை ‘அஃதாற்றாது எழுவார்’, அதாவது உழமுடியாமல் வேறு தொழிலுக்குப் போகிறவர், என்று உழவை வைத்துத்தான் சுட்டுகிறார்.

வகுப்பறை:
பொருளியல் நடத்துகிறவள் என்பதால் ஒரு வார்த்தை. மாடு வளர்ப்பதும் மீன் பிடிப்பதும் உழவு இல்லை. ஆனால் கணக்கில் அவை வேளாண் துறை. பால் கறப்பவர் உள்ளே, அந்தப் பாலை வெண்ணெயாக்கும் ஆலைத் தொழிலாளி வெளியே. சொல் அந்த இடத்தில் வெட்ட வேண்டும். ‘அல்லுழவு’ இருவரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும்.

‘ஆற்றாது’ என்பதும் பாதிதான் பொருந்தும். நிலம் சோறு போடாததால் கிடைத்த வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். விளைச்சல் நன்றாக இருந்து கையில் காசு புரளும்போது பெருகும் கடையும் தையலும் கட்டட வேலையும் இன்னொரு பக்கம். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். சீனாவின் ஊர்த் தொழில் நிறுவனங்களில் 1978-ல் ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் இருந்தார்கள், 1996-ல் 13.5 கோடி. இத்தனை பேரும் உழமுடியாமல் எழுந்தவர்களா?

அதனாலேயே ‘சாரா’வும் எனக்கு உறுத்துகிறது. டிராக்டர் பழுதுபார்ப்பவர் வேளாண்மையைச் சார்ந்துதானே வாழ்கிறார்? மழை பொய்த்தால் அவர் பட்டறையும் காலி.

காற்புள்ளி:
சரி, அப்புறம் ‘ஆஃப்-ஃபார்ம்’ என்றும் ஓரிடத்தில் வருகிறது. அதையும் இதே சொல்லில் அடக்கிவிடலாமா?

வகுப்பறை:
கூடாது. அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நடுவது ஆஃப்-ஃபார்ம், நான்-ஃபார்ம் ஆகாது. அது யார் நிலம் என்ற கேள்வி, இது என்ன தொழில் என்ற கேள்வி.

வழிப்போக்கன்:
அதைச் ‘சொந்த நிலத்துக்கு வெளியே’ என்று நீட்டியே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் வேண்டுமென்று சட்டமா? முதலாவதற்கு என் வாக்கு ‘வேளாண்சாரா’. கண்ணுக்குப் பழகிய சொல், யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள்.

வகுப்பறை:
உறுத்தல் போகவில்லை. நாளைக் காலை வகுப்பு இருக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள்.

காற்புள்ளி:
வியாழன் இரவு பதினொன்று. ‘வேளாண்சாரா’ போட்டுவிட்டேன். ‘ஊரக வேளாண்சாரா வேலை’ என்று எழுதியிருந்தேன். அச்சில் இடைவெளி விழுந்தால் ‘ஊரக வேளாண்’ சாராத வேலை என்றாகி நகரத்து வேலையெல்லாம் உள்ளே நுழைந்துவிடும். அதனால் ‘வேளாண்சாரா ஊரக வேலை’ என்று மாற்றிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஏட்டுச்சுரைக்காய்:
என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். வேளாண்மைதான் சொல். அச்சுக்குப் போகிற நேரத்தில் ‘மை’யை எங்கே விட்டீர்கள்?