குணச்சித்திர நடிகர்களைப் பற்றி, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் – எழுதுங்கள்

பொருநைக்கரை

டெல்லி கணேஷ் நடித்த படங்களைப் பட்டியல் போட நான் வரவில்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காட்டு மணி ஐயரை யாருக்குத்தான் தெரியாது? நான் சொல்ல வந்தது எங்கள் அப்பாவைப் பற்றி.

அப்பா விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். சினிமா பார்க்கிற ஆளே இல்லை. ஆனால் டிவியில் இவர் முகம் வந்தால் மட்டும் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "நம்ம சர்வீஸ் ஆளு" என்பார். 1964-லிருந்து 1974 வரை டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்தார் என்பது எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டெல்லியில் தக்ஷிண பாரத நாடக சபாவில் நடித்தது, அப்புறம் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழு, அங்கிருந்து பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' என்று வரிசையாகச் சொல்வார்.

2024 நவம்பரில் அவர் இறந்தபோது விமானப்படையினர் வீட்டுக்கு வந்து இறுதி மரியாதை செய்தார்கள் அல்லவா, அதை டிவியில் காட்டினார்கள். முட்டி தேய்ந்துபோன அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். விறைப்பாக நின்றார். காபியோடு வந்த அம்மா டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றாள். விளம்பரம் ஆரம்பித்த பிறகும் அப்பா உட்காரவில்லை. பெரிய பெரிய ஹீரோக்கள் போனபோதுகூட அவர் இப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. 400 படத்துக்கு மேல் ஐயராகவும் மாமாவாகவும் வந்துபோன ஒருவருக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைத்த மரியாதை இது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள்.

ஒலிக்கூடம்

நான் சீரியல் டப்பிங்கில் உதவியாளனாக இருந்தவன். நடிகர் பெயர் வேண்டாம், இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார், பெரும்பாலும் அப்பா வேஷம்.

அன்றைக்கு அவருக்கு வசனமே கிடையாது. மகள் பேசிக்கொண்டே போவாள், இவர் நடுநடுவே "ம்" போட வேண்டும், அவ்வளவுதான். மகள் வேஷக்காரப் பெண்ணுக்குக் குரல் கொடுப்பவர் இன்னும் வரவில்லை. ஷூட்டிங்கில் வசனம் எடுத்துக்கொடுத்த உதவி இயக்குநரின் குரல்தான் டிராக்கில் ஓடுகிறது, வறட்டு வறட்டென்று. இவர் ரெண்டு தடவை "ம்" சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "அந்தப் பொண்ணு எப்படிக் கேக்குதுன்னு தெரியாம நான் எப்படிப்பா பதில் சொல்றது?" என்றார். புரொடக்‌ஷன் மேனேஜர் வாசலில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அடுத்த ஆள் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இவர் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா வந்து பேசி முடித்ததும் உள்ளே வந்தார். மூன்று "ம்". முதலாவது கேட்டுக்கொண்டிருக்கிறவனுடையது. இரண்டாவதில் கோபம் ஏறிவிட்டது. மூன்றாவதில் மனுஷன் உடைந்துபோய்விட்டார். மைக்குக்கு இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை அடைத்தது. எபிசோட் ஒளிபரப்பானபோது அந்த இடத்தில் பின்னணி இசையை ஏற்றி மூன்றையும் மூழ்கடித்துவிட்டார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை.

'எதிர்நீச்சல்' சீரியல் மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். செய்தி வந்தபோது எங்கள் ஆட்கள் ஒருவரும் பேசவில்லை. 'கண்ணும் கண்ணும்' எடுத்த டைரக்டர் அவர். இத்தனை வருஷம் சினிமாவில் கிடந்தும், கடைசியில் ஒரு சீரியல்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

புளியந்தோப்பு

பொருநைக்கரை, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் 'ஐயராகவும் மாமாவாகவும் வந்துபோன' என்று எழுதியதை நான் ஏற்க மாட்டேன். 1979-இல் வந்த 'பசி' பார்த்தீர்களா? துரை எடுத்த படம். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் ஷோபாவுக்கு அப்பா, ரிக்‌ஷாக்காரர் முனியாண்டி, யார்? இதே டெல்லி கணேஷ்தான். மாநில அரசு சிறப்புப் பரிசு கொடுத்தது அதற்குத்தான்.

எங்கப்பா ரிக்‌ஷா மிதித்தவர். தூர்தர்ஷனில் ஞாயிறு மத்தியானம் அந்தப் படம் போட்டபோது பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தோம். சவாரி இல்லாத நேரத்தில் ரிக்‌ஷாக்காரன் சீட்டில் உட்கார மாட்டான், சவாரி கால் வைக்கிற பலகையில் குத்துக்காலிட்டு உட்காருவான், சீட்டில் அழுக்குப் படக்கூடாது என்று. இந்த ஆள் உடம்பை வைத்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு எங்கப்பா என் தோளை அழுத்தி, "இவன் ஓட்னவன்டா" என்றார். விமானப்படையில் இருந்தவர் என்று நான் பின்னால் படித்துச் சொன்னபோது அவர் கடைசிவரை நம்பவில்லை.

அப்பேர்ப்பட்ட நடிகரைத்தான் சினிமாக்காரர்கள் பூணூல் மாட்டி ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர் அவர், ஞாபகமிருக்கிறதா? அதையும் யாரும் பேசுவதில்லை.

பொருநைக்கரை

நண்பரே, குறைத்துச் சொல்லவில்லை. ஐயர் வேஷம் என்றால் எல்லாம் ஒன்றா? 'நாயகன்' ஐயர் நாயக்கருக்காக உயிரையும் கொடுப்பார், 'அவ்வை சண்முகி' சேதுராம ஐயர் கூட இருந்தே குழி பறிப்பார். ரெண்டும் ஒரே மனுஷர் என்பதே மறந்துபோகும். வேஷம் ஒதுக்கியது அவர்கள், அதற்குள் ஆள் ஆளாகப் பிரித்துக் காட்டியது இவர். 'பசி' பற்றி நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

வளசரவாக்கம் வண்டி

நான் சீரியல் கம்பெனி வண்டி ஓட்டினேன். காலையில் ஆர்ட்டிஸ்ட்டுகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து ஷூட்டிங் ஹவுஸில் இறக்க வேண்டும். ஒரு பெரியவர், நாடகத்தில் இருந்து வந்தவர், பெரியப்பா வேஷம். மாதத்தில் சில நாள்தான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் எனக்கு முன்னாலேயே வந்து நிற்பார், இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு.

அன்றைக்குப் போகிற வழியில் பிரேம் கடையில் ஒரு பார்சல் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். எடுத்துப் பின்சீட்டில் வைத்தேன், அவருக்குப் பக்கத்தில். செய்தித்தாள் சுற்றியிருந்தது. பிரேக் போட்டபோது சரிந்தது. அவர் பிடித்து நிமிர்த்தும்போது காகிதம் கிழிந்துவிட்டது. உள்ளே அவருடைய போட்டோ. நெற்றியில் பொட்டு வைத்து, சந்தன மாலைக்குத் தோதாக மேலே ஆணி அடித்து.

கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "தம்பி, நான் எப்படிச் செத்தேன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பின்னால்தான் தெரிந்தது, போனில் விபத்து என்று ஒரு வரி வசனம். சாவுக் காட்சிக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவரை வரச் சொன்னது பழைய எபிசோடில் விட்டுப்போன ஒரு ஷாட்டுக்காக. ஷாட்டை எடுத்தார்கள், பேட்டா கொடுத்தார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பும்போது அவர் கேட்டதெல்லாம், "அந்தப் போட்டோவை வேலை முடிஞ்சதும் வீட்டுக்குக் குடுப்பாங்களா? வேணாம், பேத்தி பயந்துக்கும்" என்பதுதான்.

விருகம்பாக்கம் அம்மா

வண்டித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மனசே சரியில்லை. எங்கள் வீட்டையும் ஷூட்டிங்குக்கு விட்டிருக்கிறோம். சீரியலில் மருமகளை அடுப்படியில் நிறுத்தி வதைக்கிற அம்மா ஒருவர், ஷாட் இடைவேளையில் பட்டுப்புடவையோடு எங்கள் கொல்லைப்படியில் உட்கார்ந்து அந்த மருமகள் பெண்ணுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடிக்க வருவதென்றால் முதலில் நாடகக் குழுவில் சேருங்கள். நூறு பேர் முன்னால் வசனம் மறந்து நின்றவனுக்குக் கேமரா பயம் வராது. ரெண்டாவது, கையில் இருக்கிற வேலையைச் சட்டென்று விடாதீர்கள். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர், நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா, பாலசந்தரே ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர். சாயங்காலம் ஒத்திகை, காலையில் ஆபீஸ் என்று இருந்தவர்கள்தான் நிமிர்ந்து நின்றார்கள். மூன்றாவது, சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவனை வாசலோடு அனுப்புங்கள். நிஜமான கம்பெனி உங்களுக்குத்தான் பணம் தரும். நடிகர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். எத்தனை நாள் கால்ஷீட், ஒரு நாளுக்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு நாள் ஷூட்டிங்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், பாக்கி கேட்கும்போது அது பேசும். மருத்துவக் காப்பீடு சின்ன வயசிலேயே எடுத்துவிடுங்கள். கதாபாத்திரத்தை முடிக்கிறதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு

அம்மா, நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் வேலையை விடாதே என்பது இன்றைக்கு ஓடாது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது, மாதத்தில் பாதி நாள் கேட்கிறார்கள், எந்த நாள் என்று முந்தின ராத்திரிதான் சொல்கிறார்கள். எந்த ஆபீஸ் லீவு கொடுக்கும்? ஒப்பந்தமும் அப்படித்தான். ஹீரோயின் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், பெரியப்பா கேட்டால் வேறு பெரியப்பாவைக் கூப்பிடுவார்கள். தனி ஆளாக அவர் கேட்க முடியாது, சங்கம்தான் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வண்டித் தம்பி, அந்தப் பெரியவர் இப்போது எங்கே இருக்கிறார்? எங்கள் பக்கத்தில் ஒரு குழு நாடகம் போடுகிறது, வயசான வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.